சிறு செலவில் ஓர் ஒட்டுப் புத்தகம்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





எமக்கு முன் பேசியவர்கள் கல்வியின் அவசியத்தையும் ஒழுக்கத்தின் உயர்வையும் நன்கு எடுத்துரைத்தார்கள். அவர்களுக்குப் பின் கத்தரிக்கோலையும் மாப்பசையையும் பற்றிப் பேச வந்திருக்கும் எம்மைக் கண்டு நீங்கள் நகைக்கக்கூடும். ஓய்வு நேரத்தை நல்ல வழியிற் கழிப்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டார். தெரியாத பத்து விஷயங்களைப் பேசுவதிலும் தெரிந்த ஒன்றைப் பேசுவதே நேர்மை என்று எண்ணினோம். எமக்குத் தெரிந்த பொழுதுபோக்கு ஒன்றுதான். அஃது ஒட்டுப் புத்தகம் செய்தல்.

ஒட்டுப் புத்தகம் என்றால் என்ன? பத்திரிகையில் வந்த செய்தி, படம், கோயில் திருவிழா நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், பஸ் ரிக்கற், தபால் முத்திரை, பழைய கடிதத்தின் உறை என்று நாம் படித்துவிட்டு எறிந்துவிடும் கடதாசித் துண்டுகளை ஓர் ஒழுங்கில் ஒட்டி, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்கும் கொப்பியே அது. ஆங்கிலத்தில் இதனை ஸ்கிராப் புக் என்பர். ஸ்கிராப் என்றால் கழித்துவிட்ட துண்டு என்று பொருள். பெயரிலேயே ஏழ்மை இருக்கின்றது பாருங்கள்!

ஆனால் இன்று இப்பொழுதுபோக்கு ஏழையின் கையை விட்டுப் போய்விட்டதோ என்று ஐயுறும்படி இருக்கின்றது. கொழும்புக் கடைகளிலே இதற்கென்றே பூப்போட்ட தாள்கள், மினுங்கும் நாடாக்கள், ஒட்டுப் படங்கள், விதவிதமான கத்தரிகள் எல்லாம் விற்பனைக்கு உள்ளன. அவற்றின் விலையைக் கேட்ட வன்னி மாணவன் எவனும் "இது எமக்கானதன்று" என்று திரும்பிவிடுவான். நாமும் ஒருமுறை அப்படித் திரும்பி வந்தவரே. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எமது அம்மம்மா சிரித்தார். "நான் ஒரு சதமும் செலவழிக்காமல் மூன்று கொப்பி ஒட்டினனான்" என்றார்.

அந்த மூன்று கொப்பிகளும் இன்று இல்லை. கிளிநொச்சிக்கு அண்மையில் ஒரு கிராமத்தில் இருந்த எமது வீட்டில், தகரப் பெட்டி ஒன்றில் அவை இருந்தன. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சனம் எல்லாம் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, பிறப்புப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் பொலித்தீனிற் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். கொப்பிகளை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பல இடம் மாறி, செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேரும்வரை அவை நிலைத்திருக்குமோ, சொல்ல இயலாது. அப்போது எமக்கு வயது ஐந்து. மீள்குடியேறியபோது வீட்டில் கூரை இல்லை. பெட்டி இருந்த இடத்திற் கறையான் புற்று இருந்தது.

இஃது எமது குடும்பத்துக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. இந்த மண்டபத்தில் இருக்கும் பெரியோரைக் கேட்டால், கலியாண அல்பம் போனவர், பிள்ளையின் பாடசாலைப் பரிசுச் சான்றிதழ் போனவர், தகப்பனாரின் ஒரே படமும் போனவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நாம் பாடமாகப் படிக்கின்றோம். வன்னியிலே வீட்டுக்கு வீடு இருந்த சிறு பெட்டிகளுக்குத் தொகை எழுதியவர் ஒருவரும் இலர்.

ஆகவே எமது பேச்சின் பொருள் இதுவே. ஒட்டுப் புத்தகம் பணமுள்ளவரின் அலங்கார விளையாட்டன்று. இழந்தவர்களுக்கு அது மிகவும் வேண்டியது. அதைச் செய்யப் பணம் தேவையில்லை. வேண்டுவன பொறுமையும் நேர்மையுமே.

முதலில், முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள் என்று சிறிது பார்ப்போம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே அமெரிக்காவிற் சாதாரண மக்கள் பத்திரிகை நறுக்குகளைப் பழைய கணக்குப் புத்தகங்களின் மேலேயே ஒட்டினார்கள். வெற்றுப் புத்தகம் வாங்கப் பணம் இல்லாமையே காரணம். மார்க் ட்வெயின் என்ற எழுத்தாளரும் இப்பொழுதுபோக்கு உடையவர். பசைக் கிண்ணத்தோடு மாரடிக்க மனமில்லாத அவர், பக்கங்களிற் பசையை முன்னரே தடவி உலர்த்திய ஒட்டுப் புத்தகத்தை ஆக்கி, 1873 ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பக்கத்தைச் சிறிது நனைத்தால் துண்டு ஒட்டிக்கொள்ளும்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலே, செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். அவர் பேராசிரியர் அல்லர், செல்வரும் அல்லர். சென்னையிலே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு என்று மற்றவர் குப்பையென எண்ணியவற்றையும் சேர்த்தார். 1992 இல் அவர் காலமானபோது அத்தொகுதி ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகம் அதனை 1994 இல் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் நடைபெறுகின்றது. உலகெங்குமுள்ள அறிஞர்கள் அங்கே வந்து படிக்கின்றார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் அவர்களை "ஆவணஞானி" என்று அறிந்தோர் அழைப்பர். ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளையும் நறுக்குகளையும் பல்லாண்டு காலம் தம் சொந்த முயற்சியாற் சேர்த்துப் பொருள்வாரியாக வகுத்தவர் அவர். காகிதம் நிலையாது என்பதை உணர்ந்து, நுண்படச் சுருளில் அவற்றைப் பதிவு செய்வதிலும் உழைத்தவர். ஒரு தனிமனிதன் கத்தரிக்கோலோடு தொடங்கி எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

நிற்க. இனி எமது அனுபவத்தைச் சொல்வோம்.

நாம் தொடங்கியது 2022 ஆம் ஆண்டில். அந்த ஆண்டை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டிற் பெற்றோலும் இல்லை, எரிவாயுவும் இல்லை, கடதாசியும் இல்லை. மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்திற் கடதாசி இன்மையாற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. நாம் கற்ற மிஷன் பாடசாலையிற் கொப்பியின் ஒரு தாளையும் வீணாக்கக் கூடாது என்று ஆசிரியர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட காலத்திலே ஒட்டுப் புத்தகம் தொடங்கியதுதான் எமது நல்வாய்ப்பு. ஏனெனில் ஒன்றும் வாங்காமலே செய்யப் பழகிக்கொண்டோம்.

புத்தகத்துக்குத் தாள் வேண்டும். சுவரிலே தொங்கும் பெரிய மாதக் கலண்டரின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஆண்டு முடிந்ததும் அயலவரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, வெள்ளைப் பக்கம் வெளியே வருமாறு தைத்தால் தடித்த பக்கம் கிடைக்கும். சீமெந்துப் பையின் உட்தாள் உறுதியானது. தூசியைத் தட்டித் துடைத்து வெயிலிற் காயவைத்தால் மேலுறைக்கு உதவும். பிஸ்கற் பெட்டியின் மட்டை அட்டையாகும். தைப்பதற்குக் கோணி ஊசியும் நூலும் போதும். கம்பி அடிக்க வேண்டாம். நம் மாரிகாலத்தில் அது துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்.

பசை வீட்டு அடுப்பிலே உண்டு. ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலிற் சிறிது தண்ணீரிற் கட்டியில்லாமற் கரைத்து, பிறகு மிகுதியை ஊற்றி, மெல்லிய நெருப்பிலே கைவிடாமற் கிளற வேண்டும். மாவின் வெண்மை போய்க் கண்ணாடி போலத் தெளியும்போது இறக்கி ஆறவிட வேண்டும். ஆறியபின் மெல்லிய துணியிற் பிழிந்தால் நல்ல பசை. புத்தகம் கட்டுவோர் சிலர் பூச்சிக்கு அஞ்சித் துத்தம் சேர்ப்பர். அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டியதை மாத்திரம் காய்ச்சினாற் போதும். பசை மிஞ்சினால் கெட்டுப்போகும், அவ்வளவே.

துண்டு முழுவதிலும் பசை பூச வேண்டாம். மேல் ஓரத்தில் மாத்திரம் மெல்லிதாகப் பூசினால் துண்டைத் தூக்கிப் பின்பக்கத்தையும் படிக்கலாம். பசையும் மிச்சம், தாளும் சுருங்காது. ஒட்டியபின் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி ஓர் இரவு விட்டால் பக்கம் நேராகிவிடும். செலோரேப்பை விலக்குங்கள். சில வருஷங்களில் அதன் பசை பழுப்பாகி எழுத்தையே மூடிவிடும்.

பத்திரிகைத் தாள் மஞ்சளாவது ஏன் என்று தம்பிமார் சிலர் கேட்டார்கள். மரத்தை அரைத்துச் செய்யும் மலிவான தாளிலே லிக்னின் என்ற மரப்பொருள் தங்கிவிடுகின்றது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும். அதோடு தாளில் அமிலம் பெருகித் தாள் நொறுங்கும். ஆகவே புத்தகத்தை வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். நிலத்திலும் சுவரோரத்திலும் வைக்க வேண்டாம். கறையான் அங்கிருந்துதான் ஏறும். மாதம் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். புரட்டப்படாத புத்தகமே பூச்சிக்கு வீடு. இன்னொன்று: இப்போது பஸ்ஸிலும் கடையிலும் இயந்திரம் தரும் துண்டில் எழுத்து மையினால் அச்சிடப்படுவதன்று, சூட்டினால் தோன்றுவது. சில மாதங்களில் மறைந்துவிடும். அதை ஒட்டினால் பக்கத்திலே பென்சிலால் விபரத்தை எழுதிவிடுங்கள்.

கறையான் என்றதும் நம்பியாண்டார் நம்பியின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. தில்லையிலே பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைத் திறந்தபோது, கறையான் அரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வந்திருக்கின்றோம். எஞ்சியதைக் கண்டு அழுதுகொண்டிருக்காமல் வகுத்துத் தொகுத்தார்கள். அதனால் அன்றோ திருமுறை நமக்குக் கிடைத்தது! போனது போக, இருப்பதை வகுத்து வைப்பது நமக்குப் புதிய தொழிலன்று.

இனி, எமது குற்றம் ஒன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். இளைஞருக்கு இது பயன்படும்.

எமது அயலிலே ஒரு பெரியவர் இருக்கின்றார். அவருடைய தமையனாரின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு ஒன்றை எமக்கு இரவல் தந்தார். அதில் ஒரு படம் இருந்தது. காடு வெட்டிக் குடியேறிய காலத்திலே, குளக்கட்டில் நாலைந்து பேர் மண்வெட்டியோடு நிற்கும் படம். அதன் அழகிலே மயங்கி, கேளாமலே வெட்டி எமது புத்தகத்தில் ஒட்டிவிட்டோம். ஒரு படம் தானே, பெரியவர் கவனிக்க மாட்டார் என்று நினைத்தோம். கல்வெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் விரித்துப் பார்த்தார். ஏசவில்லை. "தம்பி, மற்றப் பக்கத்தை வாசிச்சனியோ?" என்று மாத்திரம் கேட்டார்.

நாம் வாசிக்கவில்லை. மற்றப் பக்கத்தில் அவர்களுடைய வம்சாவளி இருந்தது. தீவகத்திலிருந்து யார் முதலில் வந்தார், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அந்தத் தாளின் பின்புறத்தில்தான். அவர் குடும்பத்திலே எஞ்சிய ஒரே பிரதி அது. 2009 இல் உடுத்த உடையோடு வந்தபோது இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்தாராம்.

அன்று இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து, ஒட்டிய ஓரத்தின் மேல் ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்தோம். மாப்பசையாதலால் ஊறிக் கழன்றது. ஓரத்தில் மாத்திரம் பூசியிருந்ததாற் பின்பக்க எழுத்து ஒன்றும் பழுதாகவில்லை. கடையிற் குழாயில் விற்கும் விலை கூடிய பசை வாங்க அன்று எம்மிடம் காசு இருந்திருந்தால், அந்த வம்சாவளி போயே இருக்கும். பழைய நூல்களைப் பேணும் நிபுணர்களும் கோதுமைப் பசையையே விரும்புவதற்குக் காரணம் இதுதான் என்று பின்னர் படித்து அறிந்தோம். வேண்டியபோது தண்ணீரால் அதைக் கழற்றலாம்.

விடிந்ததும் மெல்லிய தாள் நாடா ஒன்றினால் அந்தத் துண்டை அதன் இடத்திலேயே பொருத்திக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். வடு தெரிந்தது, இன்றும் தெரிகின்றது. பெரியவர் எம்மை இருத்தித் தேநீர் தந்து, படத்தில் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வம்சாவளியில் அச்சாகாத இரண்டு பெயர்களையும் சொன்னார். சிறுவயதிலே காய்ச்சலில் இறந்த பெண் குழந்தைகளின் பெயர்கள். அவற்றை எழுதிக்கொண்டோம். கைத்தொலைபேசியால் அந்தத் தாளின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, போட்டோப் பிரதி செய்து, பிரதியையே எமது புத்தகத்தில் ஒட்டினோம்.

அன்று முதல் எமக்கென மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, ஒரே பிரதியாக உள்ளதை வெட்டக் கூடாது. பிரதி எடுக்க வேண்டும், அல்லது கையால் எழுத வேண்டும். நூல்நிலையப் பத்திரிகையும் அவ்வாறே. அது ஊருக்கெல்லாம் பொது. இரண்டாவது, வெட்டுமுன் பின்பக்கத்தை வாசிக்க வேண்டும். மூன்றாவது, எந்தத் துண்டையும் பத்திரிகையின் பெயர், திகதி, யாரிடமிருந்து கிடைத்தது என்ற விபரம் எழுதாமல் ஒட்டக் கூடாது. திகதி இல்லாத நறுக்கு, பெயர் இல்லாத படத்தைப் போன்றது. ஐம்பது வருஷம் கழிந்தால் யாருக்கும் பயனில்லை.

கைத்தொலைபேசி இருக்க ஒட்டுப் புத்தகம் எதற்கு என்று நண்பர் சிலர் கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. தொலைபேசியில் ஆயிரம் படம் இருக்கின்றது. ஆனால் எந்தப் படத்தில் யார் நிற்கின்றார் என்று எழுதி வைத்தவர் எத்தனை பேர்? தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் ஒருமிக்கப் போகும். அதே சமயம், கொப்பி மாத்திரம் போதும் என்றும் நாம் சொல்லோம். எமது அம்மம்மாவின் கொப்பிகளுக்கு நேர்ந்தது நினைவிருக்கின்றது. ஆகவே இரண்டும் வேண்டும். ஒட்டிய ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வேறிடத்தில் வாழும் ஓர் உறவினருக்கு அனுப்பி வைக்கின்றோம். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் எவரும் இலவசமாகப் படிக்கலாம். கல்வெட்டுகளும் அங்கே சேர்க்கப்படுகின்றன. வீட்டிலே கிடப்பதை அவர்களுக்கும் தெரிவிக்கலாம்.

எதைச் சேர்ப்பது என்று தேடி அலைய வேண்டாம். நம் வன்னியில் விஷயத்துக்குப் பஞ்சமா? வற்றாப்பளைப் பொங்கல் நோட்டீஸ், இரணைமடுக் குளம் வான் பாயும் செய்தி, நெல் விலை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குப் புகைவண்டி மீண்டும் வந்த செய்தி, பாடசாலை விளையாட்டுப் போட்டி, புதிதாகத் திறந்த கடையின் துண்டுப்பிரசுரம் எல்லாம் சேர்க்கத் தக்கவையே. 1895 ஆம் ஆண்டிலே லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கைநூலை எழுதி வெளியிட்டார். நம் ஊர்களைப் பற்றி அறிய இன்றும் அதனைப் புரட்டுகின்றோம். அந்நியர் ஒருவர் அக்கறையோடு எழுதி வைத்ததை, இங்கே பிறந்த நாம் நமக்காக எழுதி வைத்தல் ஆகாதா?

எமது முதற் புத்தகத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றோம். அதன் முதல் ஏழு பக்கங்களிலும் ஒட்டிய துண்டு ஒன்றும் இல்லை. அம்மம்மாவின் தொலைந்த கொப்பிகளில் இன்ன பக்கத்தில் இன்ன படம் இருந்தது, இன்ன பத்திரிகை, அன்றைக்கு வீட்டில் இன்ன நடந்தது என்று அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதியவையே அங்கு உள்ளன. எமது அம்மா பிறந்த கிழமை வந்த வீரகேசரியின் படம் ஒன்று அதில் வருகின்றது. எட்டாம் பக்கத்தில் இருந்துதான் கடதாசி தொடங்குகின்றது. அம்மம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஏழு பக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார். இடையிலே நிறுத்தி, "அது இல்லை, அதுக்கு அடுத்த பக்கம்" என்று திருத்துவார்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டியிலும் பரணிலும் இருப்பதைக் குப்பையென்று கொளுத்தாதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. நினைவிலிருப்பதைச் சொல்லுங்கள், எழுத நாம் இருக்கின்றோம். அவகாசம் எவ்வளவு உண்டென்று யார் அறிவார்?

வாலிப நண்பர்களே, சங்கத்துக்கென்று ஓர் ஒட்டுப் புத்தகம் தொடங்க வேண்டும் என்று இச்சபையிற் பிரேரிக்கின்றோம். கலண்டர்த் தாள் நாம் தருகின்றோம். மாவுக்கு எந்த வீட்டிலும் ஒரு பிடி கிடைக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயிலிற் பூசை முடிந்தபின் ஒரு மணி நேரம் மண்டபத்தில் இருந்து செய்வோம். இன்று அச்சாகி நம் கைக்கு வந்திருக்கும் இம்மலரின் ஒரு பிரதியிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அதனை வெட்ட வேண்டாம். முதலிற் பின்பக்கத்தை வாசியுங்கள்.